யார் ஏற்றிய பேக்கேஜ் அது?

கணினி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேக்கேஜ் (பிறர் எழுதிப் பகிரும் ஆயத்த நிரல் தொகுப்பு) நிறுவுவது, பகிர்வது பற்றியவை. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதும் அவற்றுக்கே. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ‘இருகோடு’ என்று வரும் இடத்தில் இடைவெளியின்றி இரண்டு சிறுகோடுகள்.

சிம் லிம் டவரில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வாங்கி, வீட்டு வாசல் செடிகளுக்குத் தானாக நீர் ஊற்றும் கருவி செய்கிறேன். பைதான் மொழியின் பேக்கேஜ் நிறுவும் கருவியான பிப்பில் ‘பிப் இன்ஸ்டால்’ கொடுத்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்ற பிழை வருகிறது. ‘இருகோடு பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். சேர்க்கலாமா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஈசூன்

வேண்டாம். பிழை மறையும், சிக்கல் மறையாது.

ராஸ்பெர்ரி பை ஓஎஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதில் உள்ள பைதான் உங்களுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் சிலவும் அதில்தான் ஓடுகின்றன. அந்தக் கருவிகளுக்கு வேண்டிய பேக்கேஜ்களை டெபியனின் சொந்த நிறுவும் கருவியான ஏபிடி நிறுவி வைத்திருக்கிறது. ‘சூடோ பிப்’ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் பிப்) நிறுவுவதோ வேறு கோப்புறையில், யூஎஸ்ஆர் லோக்கலின் கீழ். பைதான் எதையும் தேடும்போது லோக்கலைத்தான் முதலில் பார்க்கும். நீங்கள் கொண்டுவந்த புதிய பதிப்பு, ஏபிடி வைத்த பழைய பதிப்பை மறைத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகொரு நாள் சிஸ்டம் கருவி ஏதாவது முரண்டு பிடிக்கும். அப்போது காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றாது. இந்தக் குழப்பத்தைத் தடுக்கவே 2023இல் வந்த டெபியன் 12 முதல் இந்தப் பூட்டு. பைதான் உலகில் இந்த விதிக்கு பெப் 668 என்று எண்.

செய்ய வேண்டியது இது. திட்டக் கோப்புறைக்குள் போய், ‘பைதான்3 -எம் வென்வ் சூழல்’ என்று கொடுங்கள். கடைசிச் சொல் நீங்கள் வைக்கும் பெயர். ஆங்கில எழுத்தில் எதுவானாலும் சரி. தனியாக ஒரு பைதான் சூழல் உருவாகும். அடுத்து ‘சோர்ஸ் சூழல்/பின்/ஆக்டிவேட்’. வரியின் தொடக்கத்தில் சூழலின் பெயர் அடைப்புக்குறிக்குள் தெரிந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். இனி ‘பிப் இன்ஸ்டால்’ தடையின்றி வேலை செய்யும். கெட்டுப்போனால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

மூன்று இடங்களில் சறுக்கும். கேமராவை இயக்கும் பைகேமரா2 போன்றவை ஏபிடி வழியாகவே வருகின்றன. சூழலுக்குள் அவை தெரிய வேண்டுமானால், சூழலை உருவாக்கும்போதே ‘இருகோடு சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்’ சேர்க்க வேண்டும். குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் மூலம் காலை 7 மணிக்கு நீர் ஊற்ற வைத்தால், கிரானுக்கு நீங்கள் ஆக்டிவேட் செய்தது தெரியாது; ‘சூழல்/பின்/பைதான்’ என்பதன் முழுப் பாதையையும் கொடுங்கள். சூழல் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தவும் கூடாது. உள்ளே இருக்கும் கட்டளைக் கோப்புகளில் பழைய பாதை எழுதப்பட்டிருக்கும். நகர்த்த நேர்ந்தால் அழித்துப் புதிதாக உருவாக்குவதே சுருக்கமான வழி.

பிப் ‘சக்ஸஸ்ஃபுலி இன்ஸ்டால்ட்’ என்கிறது. நிரலை ஓட்டினால் ‘நோ மாட்யூல் நேம்ட்’ என்கிறது. எதை நம்புவது?
– தொடக்கக் கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

இரண்டும் உண்மைதான். உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைதான் இருக்கக்கூடும்: பிப் ஒன்றில் நிறுவியது, நிரல் இன்னொன்றில் ஓடியது. விண்டோஸில் ‘பிஒய் -0’ என்று கொடுத்தால் இருப்பவை எல்லாம் பட்டியலாக வரும். இனி வெறும் பிப் என்று கொடுக்காமல் ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்றே கொடுங்கள். எந்தப் பைதானில் நிரல் ஓடுகிறதோ அதிலேயே நிறுவப்படும். நிரல் எழுத விஎஸ் கோடு பயன்படுத்தினால் கீழ் ஓரத்தில் எந்தப் பைதான் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

இன்னொரு காரணம், நிறுவும் பெயரும் நிரலுக்குள் இம்போர்ட் செய்யும் (அழைக்கும்) பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது. பில்லோவை நிறுவினால் பிஐஎல் என்று இம்போர்ட் செய்ய வேண்டும். ஓப்பன்சிவி-பைதானை நிறுவினால் சிவி2. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழை நிறுவினால் இம்போர்ட் பெயர் வெறும் ‘தமிழ்’. (‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேட்டால் 5 என்னும், புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால். ஓப்பன்-தமிழ் சரியாக 3 என்னும். தமிழ்ப் பாடத்துக்குச் சொல் விளையாட்டு செய்கிறவர்கள் கவனிக்க.) இம்போர்ட் பெயரைப் பார்த்து நிறுவும் பெயரை ஊகிக்காதீர்கள். அந்தப் பேக்கேஜின் ஆவணத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை நகலெடுங்கள். ஏன் என்று ஐந்தாம் கேள்வியில் வருகிறது.

பேருந்து எப்போது வரும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமாலிலிருந்து எடுத்துத் தரும் சிறிய பைதான் நிரல் எழுதியிருக்கிறேன். ஐந்து இலக்க நிறுத்த எண்ணைக் கொடுத்தால் போதும். இதை எல்லாரும் ‘பிப் இன்ஸ்டால்’ செய்யும்படி பைபிஐ களஞ்சியத்தில் ஏற்றுவது எப்படி?
– மென்பொருள் சோதனையாளர், பொங்கோல்

ஏற்றும் முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் டேட்டாமால் அக்கவுன்ட் கீ (தரவைக் கேட்க உங்களுக்குத் தரப்பட்ட ரகசியக் குறி) நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கிறதா? இருந்தால் உடனே வெளியே எடுங்கள். என்விரான்மென்ட் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பு) படிக்கும்படி மாற்றி, பயன்படுத்துகிறவர் தம் சொந்த கீயை வாங்கிக்கொள்ளட்டும், பதிவு இலவசம்தான். பைபிஐயில் ஏறிய கோப்பு சில நிமிடங்களிலேயே பிற நகல் களஞ்சியங்களுக்குப் போய்விடும். பிறகு நீங்கள் அழித்தாலும் அங்கே இருக்கும். கீ ஏற்கெனவே வெளியே போயிருந்தால் அதை ரத்து செய்து வேறு வாங்குவது ஒன்றே வழி.

அடுத்தது பெயர். பைபிஐயில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றே. ஆகவே ‘பஸ்-எஸ்ஜி’ இருக்கும்போது ‘பஸ்_எஸ்ஜி’ கிடைக்காது. ஆணையத்தின் பெயரையோ சின்னத்தையோ பேக்கேஜ் பெயரில் சேர்க்காமல் இருப்பது நல்லது. அதிகாரபூர்வமானது என்று மற்றவர்கள் எண்ணக்கூடும்.

கோப்புறை அமைப்பு எளியது. மேல்மட்டத்தில் ‘பைபிராஜெக்ட்.டொமில்’ என்ற கோப்பு, ஒரு ரீட்மீ, ஓர் உரிமக் கோப்பு, ‘எஸ்ஆர்சி’ என்ற கோப்புறை. அதற்குள் உங்கள் நிரல். டொமில் கோப்பில் பெயர், பதிப்பு, ஒரு வரி விளக்கம், தேவைப்படும் பைதான் பதிப்பு, சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள். சார்பு வரிசையில், இணையத்திலிருந்து தரவு எடுக்கும் ரிக்வெஸ்ட்ஸ் பேக்கேஜ் வேண்டுமென்றால் ‘2.28 அல்லது அதற்கு மேல்’ என்பதுபோலத் தாழ்ந்த எல்லை மட்டும் வையுங்கள். ‘சரியாக இந்தப் பதிப்பு’ என்று பூட்டினால், உங்கள் பேக்கேஜும் வேறொன்றும் வெவ்வேறு பதிப்பைக் கேட்டு, நிறுவுகிறவர் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாமல் தவிப்பார். பூட்டுவது செயலிக்குப் பொருந்தும், பிறர் பயன்படுத்தும் நூலகத்துக்குப் பொருந்தாது.

‘பைதான் -எம் பில்ட்’ கொடுத்தால் ‘டிஸ்ட்’ கோப்புறையில் இரண்டு கோப்புகள் வரும்: மூலம் அடங்கிய டார்.ஜிஇசட், நிறுவத் தயாரான வீல். வீல் என்பது வெறும் ஜிப் கோப்பு. அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள், டார் கோப்பையும். ‘.என்வ்’ கோப்பு, சோதனைக்காக வைத்த தரவு, வீட்டு முகவரி உள்ள குறிப்பு எல்லாம் கூடவே ஏறிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பின்பு ‘ட்வைன் செக் டிஸ்ட்/*’ கொடுத்தால் ரீட்மீ சரியாகக் காட்டப்படுமா என்று சொல்லும்.

நேராக உண்மைக் களஞ்சியத்துக்குப் போகாமல் டெஸ்ட்பைபிஐயில் ஏற்றிப் பாருங்கள். அது தனித் தளம், கணக்கும் தனி. அங்கிருந்து நிறுவிப் பார்க்கும்போது, நீங்கள் சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள் அங்கே இல்லாமலோ பழையதாகவோ இருக்கும். ரிக்வெஸ்ட்ஸை முதலில் பைபிஐயிலிருந்து நிறுவிவிட்டு, உங்களுடையதை மட்டும் ‘இருகோடு நோ-டெப்ஸ்’ சேர்த்து நிறுவுங்கள்.

பைபிஐ கணக்குக்கு 2024 தொடக்கத்திலிருந்து இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். ஏற்றும்போது கடவுச்சொல் செல்லாது, ஏபிஐ டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் குறி) வேண்டும். இல்லாத திட்டத்துக்குத் தனி டோக்கன் தர முடியாது என்பதால், முதல் முறை கணக்கு முழுவதற்குமான டோக்கனை வாங்கி ஏற்றுங்கள். ஏறியவுடன் அதை நீக்கிவிட்டு இந்தத் திட்டத்துக்கு மட்டுமான டோக்கனை எடுங்கள். பலர் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். நிரல் பகிரும் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாக ஏற்றுவதாக இருந்தால், 2023இல் வந்த ‘டிரஸ்டட் பப்ளிஷிங்’ முறையைப் பயன்படுத்தலாம். டோக்கனை எங்கேயும் சேமிக்கத் தேவையில்லை.

ஒரு பதிப்பு எண்ணில் ஒரு கோப்பை ஏற்றியபின், அதே பெயரில் வேறு கோப்பை ஏற்ற முடியாது. அழித்துவிட்டு முயன்றாலும் முடியாது. 0.1.0இல் தவறு இருந்தால் 0.1.1 போடுங்கள், பதிப்பு எண்ணுக்குக் காசு இல்லை. தவறான பதிப்பை அழிப்பதைவிட ‘யேங்க்’ செய்வது மேல். அதையே குறிப்பிட்டுக் கேட்டவர்களுக்கு இன்னும் கிடைக்கும்; புதிதாக நிறுவுகிறவர்களுக்குப் பிப் அதைத் தேர்ந்தெடுக்காது.

வாடிக்கையாளர் ஒருவரின் கடை இணையத்தளத்தை, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் வைத்துக் கட்டினேன். என் கணினியில் ஓடுகிறது. சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கொடுத்தால் உடைகிறது. ஒரு வரிகூட மாற்றவில்லை.
– பகுதிநேர வலை வடிவமைப்பாளர், புக்கிட் பாத்தோக்

நீங்கள் மாற்றவில்லை, நீங்கள் சார்ந்திருக்கும் யாரோ மாற்றியிருக்கிறார். பேக்கேஜ்.ஜேசானில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் கூரைக்குறி (^) இருக்கும். 1.4.2க்கு முன் கூரைக்குறி என்றால், 2.0.0க்குக் கீழே எது புதியதோ அது வரலாம். அலைக்குறி (~) என்றால் 1.5.0க்குக் கீழே. எண் பூஜ்யத்தில் தொடங்கினால் கூரைக்குறியும் இறுகிவிடும்: 0.3.1 என்றால் 0.4.0க்குக் கீழேதான். சிறிய மாற்றங்கள் எதையும் உடைக்காது என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு. எழுதுகிறவர்கள் மனிதர்கள் என்பதால் நம்பிக்கை அவ்வப்போது பொய்க்கும்.

மருந்து பேக்கேஜ்-லாக்.ஜேசான். உங்கள் கணினியில் உண்மையில் எந்தப் பதிப்புகள் நிறுவப்பட்டன, அவற்றின் ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறி) என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறோம், சேருங்கள். சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ கொடுங்கள். அது நோட்_மாட்யூல்ஸ் கோப்புறையை அழித்துவிட்டு லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும். இரண்டு கோப்புகளும் முரண்பட்டால் நின்றுவிடும். நிற்பதுதான் நமக்கும் நல்லது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் பதிப்பும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் ஒன்று மொத்தமாகவே காணாமல் போக முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2016 மார்ச்சில் போனது. லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் நீக்கியதும், பேபல் உள்படப் பெரிய திட்டங்கள் பல நிறுவ முடியாமல் நின்றன. அதற்குப்பின் என்பிஎம் விதியை மாற்றியது: ஏற்றி 72 மணி நேரத்துக்குள், வேறு பேக்கேஜ் எதுவும் சார்ந்திராத நிலையில் நீக்கலாம், அதற்குமேல் நீக்கக் கடுமையான நிபந்தனைகள் உண்டு.

களஞ்சியத்தில் இருக்கிறது என்றால் யாரோ சோதித்திருப்பார்கள் அல்லவா? எதைப் பார்த்து நம்புவது?
– தகவல் தொழில்நுட்ப ஆதரவு அலுவலர், தோ பாயோ

டெபியனின் ஏபிடி களஞ்சியத்தில் பராமரிப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கைவழியாகத்தான் பேக்கேஜ் உள்ளே வரும். பைபிஐயும் என்பிஎம்மும் அப்படியல்ல. கணக்கு வைத்திருக்கும் எவரும் ஏற்றலாம், முன்கூட்டி யாரும் படித்துப் பார்ப்பதில்லை. தீங்கானது என்று புகார் வந்தபின் நீக்குவார்கள். இடைப்பட்ட நேரத்தில் நிறுவியவர் பாடு அவருடையது.

எளிய தாக்குதல், பெயரில் ஓரெழுத்து மாற்றுவது. 2017இல் கிராஸ்-என்வ் என்ற பேக்கேஜுக்குப் பக்கத்தில் சிறுகோடு இல்லாத கிராஸ்என்வ் ஒன்று இருந்தது; நிறுவியவரின் என்விரான்மென்ட் மாறிகளை வெளியே அனுப்பியது. இப்போது இன்னொரு வழியும் உண்டு: ஏஐ கருவிகள் நிரல் எழுதும்போது இல்லாத பேக்கேஜ் பெயரைக் கற்பனையாகச் சொல்கின்றன, அந்தப் பெயரை வேறொருவர் பதிவு செய்துவிடலாம். ஏஐ சொன்ன பெயரைக் களஞ்சியத்தில் திறந்து பார்க்காமல் நிறுவாதீர்கள்.

கடினமானது, நல்ல பேக்கேஜே கெட்டுப்போவது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற புகழ்பெற்ற பேக்கேஜைப் பராமரிக்க முன்வந்த புதியவர், பிட்காயின் திருடும் நிரலைச் சார்புப் பேக்கேஜ் வழியாக நுழைத்தார். 2025 செப்டம்பரில் என்பிஎம்மின் சாக், டீபக் முதலியவற்றின் பராமரிப்பாளர், ‘இரட்டைச் சரிபார்ப்பைப் புதுப்பியுங்கள்’ என்ற போலி மின்னஞ்சலில் சிக்கினார். சில மணி நேரத்துக்குக் கெட்ட பதிப்புகள் களஞ்சியத்தில் இருந்தன. பதிவிறக்க எண்ணிக்கை இவற்றில் எதையும் காட்டியிருக்காது. எல்லாமே கோடிக்கணக்கில் இறங்கியவை. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து நம்புவது பயனற்றது.

பயனுள்ளவை சில. லாக் கோப்பை வைத்து, ஹேஷ் சரிபார்ப்போடு நிறுவுங்கள். பிப்பில் அதற்கு ‘இருகோடு ரிக்வயர்-ஹேஷஸ்’. புதிய பதிப்பு வந்த அன்றே எடுக்காமல் ஒரு வாரம் பொறுங்கள். மேலே சொன்ன 2025 நிகழ்வுபோல உள்ளவை அதற்குள் வெளிப்பட்டுவிடும். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் பொறுக்க வேண்டாம். என்பிஎம் பேக்கேஜ்கள் நிறுவப்படும் நொடியிலேயே ‘போஸ்ட்இன்ஸ்டால்’ நிரலை ஓட்ட முடியும். ‘இருகோடு இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ அதைத் தடுக்கும், ஆனால் அதை உண்மையாகவே நம்பியிருக்கும் சில பேக்கேஜ்கள் வேலை செய்யாது. பைதானிலும் மூலக் கோப்பிலிருந்து நிறுவினால் பிறர் நிரல் ஓடும், வீலிலிருந்து நிறுவினால் ஓடாது. ‘இருகோடு ஒன்லி-பைனரி :ஆல்:’ என்றால் வீல் மட்டுமே வரும்.

சந்தேகமான ஒன்றை நிறுவிவிட்டால் ‘அன்இன்ஸ்டால்’ போதாது. அந்தக் கணினியில் இருந்த டோக்கன், எஸ்எஸ்எச் கீ (பிற கணினிகளுக்குள் நுழைய உதவுவது), மேகக் கணக்கு கீ அனைத்தையும் வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் பைதான் பேக்கேஜ்களை எங்கள் சர்வரில் வைத்திருக்கிறோம். பைபிஐயோடு அதையும் பார்க்கும்படி பிப்புக்கு ‘எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல்’ கொடுத்திருக்கிறோம். சரிதானே?
– தரவுப் பொறியாளர், ஒன்-நார்த்

சரியில்லை. பிப் இரண்டு களஞ்சியங்களையும் சமமாகப் பார்த்து, பதிப்பு எண் எங்கே பெரியதோ அதை எடுக்கும். உங்கள் உள் பேக்கேஜின் பெயரை அறிந்த ஒருவர் அதே பெயரில் 99.0 என்று பைபிஐயில் ஏற்றினால் அவருடையதுதான் வரும். 2021இல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர் இந்த வழியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள் கணினிகளில் தம் நிரலை ஓட்டிக் காட்டினார். ‘எக்ஸ்ட்ரா’வை நீக்கிவிட்டு ‘இண்டெக்ஸ்-யூஆர்எல்’ ஒன்றே ஒன்று வையுங்கள். அது டெவ்பிஐ, நெக்ஸஸ் போன்ற இடைநிலை சர்வராக இருக்கட்டும். வெளிப் பேக்கேஜ்களையும் அதுவே கொண்டுவந்து தரும், உள் பெயர்களுக்கு வெளியே தேடாதபடி அங்கே விதி வைக்கலாம். என்பிஎம்மில் நிறுவனப் பெயரில் ஸ்கோப் (பேக்கேஜ் பெயர்களுக்கு முன்னொட்டு) பதிவு செய்து, எல்லா உள் பேக்கேஜ்களையும் அதன்கீழ் வையுங்கள்.

துவாஸில் உள்ள எங்கள் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு இணையம் கிடையாது. பேக்கேஜ் நிறுவ என்ன வழி?
– பராமரிப்புத் தொழில்நுட்பர், ஜூரோங் வெஸ்ட்

இணையம் உள்ள கணினியில் ‘பிப் டவுன்லோட் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி -டி வீல்கள்’ கொடுத்தால், ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் நீங்கள் பட்டியலிட்ட பேக்கேஜ்கள், சார்புகள் உட்பட எல்லாம் ‘வீல்கள்’ கோப்புறையில் சேரும். நிறுவனம் அனுமதித்த யூஎஸ்பியில், வைரஸ் சோதனைக்குப் பின், எடுத்துப்போய் ‘பிப் இன்ஸ்டால் இருகோடு நோ-இண்டெக்ஸ் இருகோடு ஃபைண்ட்-லிங்க்ஸ் வீல்கள்’ என்று அதே ரிக்வயர்மென்ட்ஸ் கோப்போடு கொடுங்கள்.

தவறுவது பொருத்தத்தில். வீல் கோப்பின் பெயரைப் பாருங்கள்: ‘சிபி311’ என்றால் பைதான் 3.11, ‘வின்_ஏஎம்டி64’ என்றால் 64 பிட் விண்டோஸ். அலுவலக மேக்கில் இறக்கியது தொழிற்சாலை விண்டோஸில் ஏறாது. ‘இருகோடு பிளாட்ஃபார்ம்’ கொடுத்து வேறு இயங்குதளத்துக்கு இறக்கலாம்தான். ஆனால் ‘விண்டோஸ் என்றால் மட்டும் இதுவும் வேண்டும்’ என்பதுபோன்ற நிபந்தனைச் சார்புகளைப் பிப் இறக்கும் கணினியை வைத்தே முடிவு செய்யும், ஒன்றிரண்டு விடுபடும். அங்கே போய்ப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று திரும்பி வருவதைவிட, அதே விண்டோஸ், அதே பைதான் பதிப்பு உள்ள கணினியில் இறக்குங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுப் புதிய வென்வ் ஒன்றில் நிறுவிப் பார்த்தபின் யூஎஸ்பியில் ஏற்றுங்கள்.

அலுவலகத்தில் மட்டும் பிப் ‘சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்’ என்கிறது. ‘டிரஸ்டட்-ஹோஸ்ட்’ போட்டால் வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?
– கணக்காய்வு நிறுவன ஊழியர், தஞ்சோங் பகார்

விடாதீர்கள், எதிரே இருப்பது உண்மையான தளம்தானா என்று பார்க்கும் சான்றிதழ்ச் சோதனையையே அது நிறுத்திவிடுகிறது. அலுவலக வலையமைப்பு போக்குவரத்தைத் திறந்து பார்த்து, தன் சொந்தச் சான்றிதழைப் போட்டு அனுப்புவதால்தான் இந்தப் பிழை. முதலில் பிப்பை 24.2 அல்லது அதற்கு மேல் உயர்த்துங்கள். பைதான் 3.10இலிருந்து, அந்தப் பிப் விண்டோஸின் சான்றிதழ்களையே பயன்படுத்தும். நிறுவனச் சான்றிதழ் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும். பிப்பை உயர்த்துவதற்கே அதே பிழை குறுக்கே வந்தால், ஐடி பிரிவிடம் ரூட் சான்றிதழ்க் கோப்பைக் கேட்டு வாங்கி, ‘பிப் கான்ஃபிக் செட் குளோபல்.சர்ட்’ என்பதற்குப் பின் அதன் பாதையைக் கொடுங்கள்.

சிங்கப்பூரிலேயே இருக்கும் மிரரை (நகல் களஞ்சியம்) போட்டால் பிப் வேகமாகுமா?
– வாசகர், அங் மோ கியோ

ஆகாது. பைபிஐ, ஃபாஸ்ட்லி நிறுவனத்தின் சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைத்துத் தரும் சர்வர் வலை) வழியாக வருகிறது. கோப்பு ஏற்கெனவே பக்கத்திலிருந்துதான் இறங்குகிறது. உபுண்டுவின் ஏபிடிக்கு மட்டும் நாட்டு மிரர் பயன்படும், ‘எஸ்ஜி’ என்று தொடங்கும் முகவரி. பிப் மெதுவாக இருந்தால் திரையைப் படியுங்கள். ‘பில்டிங் வீல்’ என்று நின்றால், உங்கள் பைதானுக்கு வீல் இல்லாமல் மூலத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறது. பைதானின் புதிய பதிப்பு வந்த முதல் சில வாரங்களில் இது வழக்கம், ஒரு பதிப்பு பின்னால் இருந்தால் தீரும். ஒரே பேக்கேஜின் பழைய பழைய பதிப்புகளாக இறக்கிக்கொண்டே போனால், சார்புகள் முரண்படுகின்றன. ரிக்வயர்மென்ட்ஸில் அந்தப் பேக்கேஜுக்குத் தாழ்ந்த எல்லை ஒன்றைப் போடுங்கள்.